சாலையில் ஓர் அரிய வண்டி



இவ்வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்குப் புன்னகையை வரவழைக்கலாம். கார்களைப் பற்றி எழுதுகிறேன். வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் நாள்தோறும் போகும் வழியில், என்றோ ஒரு நாள் எதிரே வந்து நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிற அரிய கார்களைப் பற்றியும், அவற்றை இன்றும் அன்றாடம் ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதரைப் பற்றியும் எழுதுகிறேன்.

நம் வாலிபர் கூட்டத்தில் இதைக் குறித்து ஒரு விவாதம் எழுந்தது. இத்தகைய வண்டிகளைப் பார்த்து மகிழ்வது வீண் பொழுதுபோக்கு என்றார் ஒருவர். பழைய வண்டிகளையெல்லாம் உடைத்து இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்றார் மற்றொருவர். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். ஆயினும் இரண்டு கருத்துகளையும் ஏற்க என்னால் இயலவில்லை. அதன் காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்திற்கு நாள்தோறும் போய்வருகிற உங்களுக்கு அந்தச் சாலையின் வண்டிகள் பழகிப்போனவை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நகரும் நெல் அறுவடை இயந்திரங்கள், நெய்வேலிக்குப் பணியாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள், எண்ணற்ற இருசக்கர வண்டிகள். கார்களோ இப்போது ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றுகின்றன. பின்புறத்துப் பெயரைப் படிக்காமல் எது எந்த நிறுவனத்துடையது என்று சொல்வதே கடினம். இவற்றின் நடுவே வட்ட விளக்குகளும் உருண்ட முதுகுமாக ஓர் அம்பாசிடர் வந்தால், ஐந்து வயதுக் குழந்தையும் கை நீட்டிக் காட்டுகிறது. பேருந்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிர்கிறார். நாம் பார்க்க மறந்துவிட்ட சாலையை ஒரு வண்டி மீண்டும் பார்க்கச் செய்கிறது. இதை வீண் என்று நான் எண்ணவில்லை.

பார்ப்பதற்கும் சிறிது அறிவு வேண்டும். அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. ஆகவே இன்று நீங்கள் காணும் கடைசி அம்பாசிடருக்கும் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. சற்றுச் சிறியதாய், கூர்மையான விளிம்புகளோடு வருவது பிரீமியர் பத்மினி. இத்தாலிய ஃபியட் 1100 வகையின் வழியில் பம்பாயில் உருவானது. நம் ஊர்களில் அதை ஃபியட் என்றே இன்றும் அழைக்கிறோம். நீண்டு அகன்று, ஒருகாலத்துத் தமிழ்த் திரைப்படங்களில் பணக்காரர் வந்திறங்கிய வண்டி காண்டெசா.

எண் பலகையும் கதை சொல்லும். கடலூர் மாவட்டத்திற்குரிய டி.என். 31 என்பது போன்ற அமைப்பு, புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு ஏற்பட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் மாவட்ட எண் இராது. மூன்று எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து நான்கு இலக்கங்கள் வரையும் மட்டுமே இருக்கும். அத்தகைய பலகை ஒன்று உங்களைக் கடந்து சென்றால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்றைக் கண்டீர்கள் என்று பொருள்.

நம் மாநிலத்துக்கே உரிய கார் ஒன்றும் உண்டு என்பதை இளையோர் அறிந்திருக்க மாட்டீர்கள். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1960களில் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 1972இல் கெசல் என்னும் கார் வந்தது. 1980களின் நடுவில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. அந்தப் பெரிய கார் விலைபோகவில்லை. சில ஆண்டுகளில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. பெருங்களத்தூரில் இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை. ஆனாலும் ஹெரால்டு கார்கள் தமிழ்நாட்டில் ஆங்காங்கே இன்னும் ஓடுகின்றன. உதிரிபாகம் செய்து தர நிறுவனம் இல்லாத ஒரு வண்டி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடுகிறதென்றால், அது தானாக நிகழவில்லை. ஏதோ ஓர் ஊரில் ஒரு மெக்கானிக் கையால் அளவெடுத்தார். ஏதோ ஒரு லேத் பட்டறையில் ஒருவர் அந்தப் பாகத்தைக் கடைந்து கொடுத்தார். அதற்கான செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொண்டது. இந்த மூவரில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் அந்த வண்டி நம் கண்ணுக்குத் தென்பட்டிருக்காது.

ஆகவே அரிய வண்டி என்பதற்கு நான் தரும் விளக்கம் இதுதான்: யாரோ ஒருவர் விடாமல் பேணிவந்த வண்டி. நம் வேதபாட வகுப்புகளில் உக்கிராணத்துவம் என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறோம். கையில் ஒப்புவிக்கப்பட்டதை வீணாக்காமல் காத்து, பயன்படுத்தி, கணக்குக் கொடுப்பது என்று அதற்குப் பொருள் சொல்லுகிறோம். அதை நாம் பெரும்பாலும் காணிக்கைப் பணத்தோடு மட்டும் சேர்த்துப் பேசிவிடுகிறோம். ஆண்டுதோறும் துரு நீக்கி, எண்ணெய் மாற்றி, பிரேக் சரிபார்த்து ஒரு வண்டியை நாற்பது ஆண்டுகள் ஓட்டுகிற மனிதரும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கூறிக்கொண்டிருக்கிறார்.

1983 டிசம்பர் 14 அன்று, முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அதன் பின்னர் லட்சக்கணக்கானோர் மாருதி வாங்கினார்கள், ஓட்டினார்கள், விற்றார்கள், புதியது வாங்கினார்கள். ஹர்பால் சிங் 2010இல் மரிக்கும்வரை அந்த ஒரே காரை விற்காமல் வைத்திருந்தார். வாங்கும்போது அது நாட்டிலேயே புதிய வண்டி. அவர் காலம் முடியும்போது தெருவிலேயே பழைய வண்டி. வைத்திருந்த மனிதர் மாறவில்லை. நாம் எத்தனை பொருள்களை இப்படிக் கடைசிவரை வைத்திருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

பேணுதல் சில வேளைகளில் உயிர்காக்கும் காரியமாகவும் ஆகிவிடும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த நம் தமிழ் மக்கள் இதை அறிவார்கள். 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் நிலவிய காலத்தில் அங்கே பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று, உதிரிபாகங்களும் வரவில்லை. அப்போது அவர்களைச் சுமந்தவை ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், ஏ40, மோரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களே. சிறிதளவு பெட்ரோல் விட்டு என்ஜினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் மிகுந்திருக்கும். ஆனாலும் வண்டி நகர்ந்தது. நோயாளிகள் மருத்துவமனை சேர்ந்தார்கள். கணினி வழியே எரிபொருள் செலுத்தும் இக்காலத்து என்ஜின் அப்படி ஓடாது. எளிய கார்புரேட்டர் கொண்ட அந்தப் பழைய என்ஜின் ஓடிற்று. தாத்தா வாங்கிய காரை விற்றுவிடாமல் வைத்திருந்த வீடுகள் அந்நாளில் ஊருக்கு உதவின. அந்தக் கார்களுள் சில இன்றும் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடுகின்றன. அங்கே சென்றுவரும் நம் மக்கள் அவற்றை வியந்து படம் எடுக்கிறார்கள். படம் எடுக்கும்போது அவை சுமந்த பாரத்தையும் நினைத்துக்கொள்ளட்டும்.

பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சார்ந்து வாழ்கிற நமக்கு இதில் தனிப்பட்ட பங்கு ஒன்று உண்டு. உங்களில் பலர் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறீர்கள். சிலர் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் படித்தவர்கள். பெட்ரோலில் ஓடும் எந்தக் காரின் என்ஜினைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாலும் அதன் நடுவே வெள்ளை நிறத்தில் ஒரு பகுதியைக் காண்பீர்கள். அது பீங்கான் இனத்தைச் சேர்ந்தது. அலுமினா என்னும் பொருளைச் சூளையில் சுட்டுச் செய்தது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் வழிதவறி ஓடிவிடாமல் தடுத்து, சரியான இடத்தில் மட்டும் பொறி எழச் செய்வது அதன் வேலை. அது விரிசல் கண்டால் எத்தனை விலையுயர்ந்த காரும் விக்கி நின்றுவிடும். புதிய கார்களின் புகைக்குழாயில் நச்சுப்புகையை மாற்றும் கருவியின் உள்ளேயும் தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்புதான் பெரும்பாலும் இருக்கிறது. பளபளக்கும் வெளித்தகட்டைப் பார்த்து உலகம் மயங்குகிறது. உங்கள் கைகளுக்குப் பழக்கமான மண்ணும் நெருப்பும் கலந்த பொருளோ உள்ளே மறைவாக உழைக்கிறது. சூளை வெக்கையில் நிற்கிற சகோதரரே, உங்கள் தொழிலைச் சிறியதென்று எண்ணாதீர்கள்.

வண்டியைப் பார்த்து அறிவது புதிய வழக்கம் அன்று. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தில் யெஸ்ரயேலின் கோபுரத்தில் நின்ற ஒரு காவற்காரனைக் காண்கிறோம். தூரத்தில் இரதம் ஒன்று வருகிறது. முகம் தெரியாத தொலைவு. ஆனாலும் அது ஓட்டப்படுகிற மூர்க்கத்தைக் கண்டே, வருகிறவன் யெகூ என்று அவன் கண்டுகொள்ளுகிறான். ஓட்டும் விதம் மனிதனைக் காட்டிக்கொடுக்கிறது. நம் வண்டி தூரத்தில் வரும்போது, ஓட்டுவது யார் என்று ஊரார் எதைக்கொண்டு அறிகிறார்கள்? பள்ளிக்கூட வாசலில் வேகம் தணிவதைக்கொண்டா, விடாமல் அடிக்கும் ஹாரனைக்கொண்டா?

அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் இன்னொரு வண்டி வருகிறது. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாதையில் எத்தியோப்பிய அரசியின் மந்திரி இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டு போகிறார். அந்தப் பாதையில் அது சாதாரணக் காட்சியாக இருந்திருக்காது. பிலிப்பு அதன் அருகே ஓடுகிறார். இரதத்தின் அழகைக் குறித்து அவர் எதுவும் கேட்டதாக எழுதப்படவில்லை. உள்ளே இருந்தவர் வாசிப்பதைக் கேட்டு, அவரோடு பேசத் தொடங்கினார். பார்வை வண்டியில் தொடங்கி மனிதரிடம் போய்ச் சேர்ந்தது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முறையும் அதுவே.

அண்மைக் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு ஸ்கூட்டரில் தந்தையும் தாயும் பிள்ளைகளுமாக நெருக்கியடித்துக்கொண்டு மழையில் போவதைக் கண்டதே, குறைந்த விலையில் ஒரு கார் செய்யும் எண்ணத்தைத் தமக்குத் தந்ததாக ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். 2008இல் அறிமுகமாகி அடுத்த ஆண்டு சாலைக்கு வந்த நானோ அப்படிப் பிறந்தது. அது எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. பத்தே ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. ஏழைகளின் கார் என்று பெயர் சூட்டியதே அதற்குத் தடையாயிற்று என்று பலர் கருதுகிறார்கள். எளியவருக்கென்று செய்த வண்டியை, எளியவர் என்று பிறர் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி நாம் வாங்க மறுத்தோம். இதில் காருடைய குற்றம் எவ்வளவு, நம்முடைய குற்றம் எவ்வளவு என்று சிந்தியுங்கள்.

இங்கேதான் நான் கவலையோடு பேச வேண்டியிருக்கிறது. அரிய காரைக் கண்டு மகிழ்வதற்கும் அதன்மேல் இச்சை கொள்வதற்கும் இடையே உள்ள எல்லை மிகவும் மெல்லியது. பத்துக் கட்டளைகளில் கடைசிக் கட்டளை பிறருடைய எருதையும் கழுதையையும்கூட இச்சிக்கலாகாது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அக்காலத்து வாகனங்கள் அவை. விருத்தாசலம் கடைவீதியில் வெளிநாட்டுக் கார் ஒன்று நின்றால் நன்றாகப் பாருங்கள். அதன் வடிவமைப்பைப் பாராட்டுங்கள். வீடு திரும்பியதும் உங்கள் வாசலில் நிற்கும் வண்டி உங்களுக்குக் கசந்துபோனால், அந்தப் பார்வையில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது. தவணை கட்ட முடியாமல் உறங்காத இரவுகளைப் பற்றி என்னிடம் பேசிய குடும்பங்கள் உண்டு. தேவைக்காக வாங்கியவர்கள் அவர்களுள் சிலர். ஆராதனைக்கு வரும்போது ஆலய வளாகத்தில் பிறர் என்ன நினைப்பார்கள் என்பதற்காக வாங்கியவர்களும் உண்டு. இரண்டாவது காரணத்திற்கு நம் பார்வையும் பொறுப்பு. யார் எதில் வந்து இறங்குகிறார் என்று அளக்கிற கண்கள் ஆலய வாசலில் இருக்கலாகாது.

இளையோருக்கு மற்றொரு எச்சரிக்கை. அரிய கார் ஒன்றைக் கண்டவுடன் பைக்கை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் கைப்பேசியில் படம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. மூன்று வினாடிகள் திரையைப் பார்த்தால் 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நம் சாலையில் அந்த 50 மீட்டருக்குள் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வரலாம். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கலாம். பள்ளிப் பிள்ளை சைக்கிளில் திரும்பலாம். படம் வேண்டுமானால் ஓரமாக நிறுத்தி எடுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு எடுப்பது இன்னும் நல்லது. பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு பானட்டைத் திறந்து காட்டுவார்கள். உங்களுக்குப் படத்தோடு ஒரு கதையும் கிடைக்கும்.

இனி, பழைய வண்டிகளையெல்லாம் உடைத்துப் போட வேண்டும் என்ற கருத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் கார்கள் பி.எஸ். 6 என்னும் கடுமையான புகை அளவுக்கு உட்பட்டவை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய என்ஜின் அதைவிடப் பல மடங்கு நச்சுப்புகையை வெளியிடும். காற்றுப் பை இல்லை. பலவற்றில் பின்னிருக்கைக்குப் பட்டை இல்லை. டிரம் பிரேக் நிற்க அதிக தூரம் எடுக்கும். இளைப்பு நோயுள்ள குழந்தை பின்னால் வரும் ஆட்டோவில் இருக்கும்போது, என் நினைவுகள் இனிமையானவை என்பதற்காக நான் புகை கக்கிக்கொண்டு போவது அயலானை நேசிப்பதாகாது.

மும்பையில் வாடகைக் கார்களுக்கு 20 ஆண்டு வரம்பு உண்டு. அதன்படி அந்நகரின் அடையாளமாயிருந்த கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளில் கடைசியாகப் பதிவான வண்டி 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகியது. மும்பைவாசிகள் பலர் வருந்தினார்கள். நானும் வருந்தினேன். ஆனால் நாள் முழுவதும் நகரத்தைச் சுற்றுகிற வாடகை வண்டிக்கு வரம்பு வேண்டாம் என்று சொல்ல என் மனம் துணியவில்லை.

சொந்தக் கார்களின் நிலை வேறு. பதிவான 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனைக்குக் கொண்டுசென்று, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. 2022 ஏப்ரல் முதல் காருக்கு இதற்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பாரம்பரிய வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் தனி விதி வந்தது. அவ்வாறு பதிவு செய்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். வண்டியின் வயதைவிட அதன் நிலையையே தீர்ப்புக்கு அளவாகக் கொள்ள வேண்டும். புகையை அளக்கும் கருவி இருக்கிறது; பிரேக்கைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. அவற்றைக் கண்டிப்போடும் நேர்மையோடும் பயன்படுத்தட்டும். சோதனையில் தவறிய வண்டி பத்து ஆண்டே ஆனதாயினும் நிற்கட்டும். தேறிய வண்டி முப்பது ஆண்டு ஆனதாயினும் ஓடட்டும். கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனால், பல கார்களை அழகுக்காக வைத்திருக்கிற செல்வர் எளிதாகக் கட்டிவிடுவார். ஒரே பழைய காரைப் பேணி, மாதத்தில் நான்கு நாள் மட்டும் ஓட்டுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் அதைக் கைவிட நேரும். பேணத் தெரிந்தவரைத் தண்டிக்கும் விதி நல்ல விதி ஆகாது.

இது ஏட்டளவிலான பேச்சு அல்ல. நம் சபைக் குடும்பம் ஒன்று அண்மையில் இதே கேள்வியோடு என்னிடம் வந்தது. வீட்டில் 20 ஆண்டுகளைக் கடந்த அம்பாசிடர் நிற்கிறது. பதிவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியிருக்கிறது. மகனுக்குத் திருமணமும் நிச்சயமாகியிருக்கிறது. “ஐயா, பெண் வீட்டார் முன் இந்த வண்டியை நிறுத்த எனக்குக் கூச்சமாயிருக்கிறது, இரும்புக்குக் கொடுத்துவிடலாம்” என்றார் மகன். தந்தை ஒன்றும் பேசவில்லை. தாய்தான் மெதுவாகச் சொன்னார்: “நம் தெருவில் எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளை இராத்திரி வேளையில் இந்த வண்டியில் விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் உங்கள் அப்பா. ஒருவரிடமும் டீசல் காசு வாங்கியதில்லை.” மகன் அதை அறியாதவர் அல்லர். ஆனால் அதை வண்டியின் மதிப்போடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

வைத்திருங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. முதலில் ஒரு நேர்மையான மெக்கானிக்கிடம் கொண்டுபோய் அடித்தளத்தில் துரு ஏறியிருக்கிறதா, ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, பிரேக் நான்கு சக்கரங்களிலும் சமமாய்ப் பிடிக்கிறதா, புகை அளவு என்ன என்று பார்க்கச் சொன்னேன். உடல் உறுதியாயிருந்தால் கூச்சத்திற்காகக் கைவிட வேண்டாம். அடித்தளமே அரித்துப்போயிருந்தால், பாசத்திற்காக அதில் மருமகளை ஏற்ற வேண்டாம். அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, பதிவை முறைப்படி நீக்கி, நன்றியோடு அனுப்பிவையுங்கள். இவ்விரண்டில் எதைச் செய்தாலும் அது நல்ல உக்கிராணத்துவமே. இதை எழுதும்போது அந்த வண்டி பட்டறையில் நிற்கிறது. மகனே அதைக் கொண்டுபோய் விட்டார்.

பழைய காரை அன்றாடம் ஓட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் வண்டி உங்களிடம் பொறுமையைக் கேட்கிறது, அதைக் கொடுத்துவிடுங்கள். காலையில் சோக் இழுத்துக் கிளப்பியபின் என்ஜின் சீராகும்வரை சற்றே காத்திருங்கள். முன்னே செல்லும் புதிய கார் சட்டென்று நின்றுவிடும், உங்களுடையது நிற்காது. ஆகவே இடைவெளியைக் கூட்டுங்கள். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றால் அதன்மேல் ஈரத்துணி சுற்றும் பழைய வழக்கம் இன்றும் கைகொடுக்கும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கட்டுகளும் அதனால் விரைவில் கெடக்கூடும். கசிந்த பெட்ரோல் தீயாவதற்கு முன் அவற்றை மாற்றிவிடுங்கள். இவற்றையெல்லாம் செய்து ஓட்டுகிறவர் சாலையில் கவனமுள்ள ஓட்டுநராக மாறிவிடுகிறார் என்பது என் கணிப்பு.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கார் மெதுவாகப் போனால் பின்னால் நின்று ஹாரன் அடிக்காதீர்கள். பாலத்தருகே நின்றுவிட்டால் கைகொடுத்துத் தள்ளிவிடுங்கள். இந்த வாரம் உங்கள் வழியில் அரிய வண்டி ஒன்று தென்பட்டால், பிள்ளைகளுக்கு அதன் பெயரையும் அது எந்த ஊரில் உருவானது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் அதை ஓட்டுகிறவரிடம் எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பிறகு அதைச் சரிசெய்து தருகிற மெக்கானிக் யார் என்றும் கேளுங்கள். அந்த மெக்கானிக்குகளில் பலர் முதியவர்கள்; தங்கள் கைத்தொழிலைக் கற்க ஒரு வாலிபனும் வருவதில்லை என்று ஏங்குகிறவர்கள். நம் வாலிபர்களில் ஒருவராவது அந்தப் பட்டறைக்குப் போய், கையில் கிரீஸ் படிய அந்த வித்தையைக் கற்றால், இதை எழுதியதன் பலனை நான் கண்டவனாவேன்.

சாலையில் உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. காண வேண்டியவற்றைக் காணும் கண்களையும், ஒப்புவிக்கப்பட்டதைப் பேணும் கைகளையும் அவர் உங்களுக்கு அருள்வாராக. ஆமென்.